மாளிகை சாய்ந்தது, மண் யாரிடம்?

"அந்தத் தாயார் சாகும் கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன், தோழர்! கண்ணீர் எழுத்தை மறைத்துவிட்டது" என்றார் அந்த இளைஞர். காக்களூர் தொழிற்பேட்டையிலே இரவு ஷிப்டு முடித்துவிட்டு, கழுவியும் போகாத எண்ணெய்க் கறை படிந்த விரல்களால் அந்தப் புத்தகத்தைப் பிடித்தபடி, புட்லூர் ரயிலடியில் நின்றிருந்தார். ஜப்பானிய எழுத்தாளர் ஒசாமு தசாய் எழுதிய நாவல். டொனால்டு கீன் 1956ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் தந்தது. மூலத்திலே அதன் பெயர் 'ஷாயோ'. சாயும் ஞாயிறு என்று பொருள். தமிழ்க் காதுக்குச் சொல்லும் பொருளும் ஒன்றாகவே ஒலிக்கிறதே என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த பிறகுதான் அழுத கதையைச் சொன்னார்.

"உம்முடைய பாட்டியார் இருக்கிறாரா?" என்று கேட்டேன்.

இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். திருவள்ளூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்ச் சேரியிலே வாழ்கிறார். மிராசுதார் வீட்டுப் படியாளின் மகள். நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்து, அளந்து கொடுத்துவிட்டு, அளந்தவர் மனம் வைத்துப் போட்டதை முந்தானையில் ஏந்திவந்தவர்.

"அந்தப் பாட்டியாருக்காக எப்போதேனும் இப்படி அழுததுண்டா?"

ரயில் வந்துவிட்டது. விடை வரவில்லை.

தோழர்களே! அந்த இளைஞரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நல்ல நாவலைப் படித்து நெஞ்சு நெகிழாதவன், மேடையேறிப் பேசும் மனிதாபிமானத்திலே எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால், சாய்ந்த மாளிகைக்காக உலகெங்கும் ஒரு கண்ணீர்க் குளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதிலே இறங்கி நீராட, படியாளின் பேரனையும் பரிவுடன் அழைக்கிறார்கள். அந்தக் குளத்தின் ஆழம் என்ன, அதை வெட்டியவர் யார், வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று கேட்பது பகுத்தறிவாளனின் கடமை அல்லவா?

முதலில் நாவலைப் பார்ப்போம். 1947 ஜூலை முதல் அக்டோபர் வரை 'ஷின்ச்சோ' என்ற இதழிலே அது தொடராக வந்தது. அதே ஆண்டு மே 3ஆம் நாள் ஜப்பானின் புதிய அரசியல் சட்டம் நடப்புக்கு வந்தது. கோமகன், சீமான், பிரபு என்று ஐந்து படிகளாக அடுக்கிவைத்திருந்த பட்டங்கள் அத்தனையும் ஒரே விதியால் செல்லாக் காசாயின. அப்படிப் பட்டமிழந்த ஒரு குடும்பத்தின் கதைதான் இது. கணவனைப் பிரிந்து வந்த இருபத்தொன்பது வயது மகள் கசுகோ. போருக்குப் போய், அபினிப் பழக்கத்தோடு திரும்பிவரும் தம்பி நவோஜி. இவர்களுக்கு நடுவே, குலப்பெருமையின் கடைசிச் சுடர்போல் ஒரு தாய். அந்தத் தாய் சூப் அருந்தும் அழகைச் சொல்லித்தான் நாவல் தொடங்குகிறது. பணம் வற்றுகிறது, தோக்கியோ வீட்டை விற்றுவிட்டு இசு தீபகற்பத்து மலைச்சரிவிலே ஒரு சிறு வீட்டுக்குப் போகிறார்கள், பட்டாடைகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. தாய் காசநோயால் மாள்கிறாள். நவோஜி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். விட்டுச்செல்லும் கடிதத்தின் முடிவிலே, தான் பிரபுகுலத்தான் என்பதை ஒருமுறை எழுதிவைத்துவிட்டுப் போகிறான்! சாகும்போதும் கையொப்பத்துக்குப் பதில் குலம்!

எழுத்தின் வலிமையிலே ஐயமில்லை. அந்த நாவலுக்குப் பிறகு, வீழ்ந்துபட்ட மேட்டுக்குடியினரை 'சாயும் ஞாயிற்றுக் கூட்டம்' என்றே ஜப்பானியர் அழைக்கத் தொடங்கினர். ஒரு கதையின் தலைப்பு ஒரு வர்க்கத்தின் பெயராயிற்று!

இவ்வளவு உருகி எழுதியவர் பிரபுவா? இல்லை. வடகோடியிலே சுகாரு வட்டாரத்திலே, கனகி என்ற ஊரிலே, வட்டிக்குக் கொடுத்தும் நிலம் சேர்த்தும் பெருத்த குடும்பம் அவருடையது. அதிக வரி கட்டுவோர் என்ற தகுதியால் அவர் தந்தை பிரபுக்கள் சபையிலே இடம்பெற்றார். 1907இல் எழுந்த அந்த மாளிகையைச் சுற்றி உயர்ந்த செங்கற் சுவர். குத்தகைக்காரர்கள் நெல் மூட்டைகளோடு வந்து நிற்கும் வீட்டுக்குக் கோட்டைச் சுவர் எதற்கு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். போருக்குப் பின் நிலம் போயிற்று, வீடு கைமாறிற்று, விடுதியாயிற்று. இன்று நாவலின் பெயரையே சூடி நினைவில்லமாக நிற்கிறது. நாவல் வந்தபோது, இதிலே சீமாட்டிகள் பேசும் பேச்சு நாட்டுப்புறத்து வேலைக்காரியின் பேச்சாக இருக்கிறதே என்று ஷிகா நவோயா என்ற பெரிய எழுத்தாளர் குறைகூறினார். தசாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைக் கேட்டால், அந்த நாவலிலே வேலைக்காரியின் பேச்சு கலந்ததுதான் அதற்குச் சிறப்பு!

ஏனெனில், அந்த நாவலிலே உழுபவர் குரல் உரத்துக் கேட்கும் இடம் ஒன்றுண்டு. மலைவீட்டிலே குளியலறை அடுப்புக் கட்டையை அணைக்காமல் விட்டுவிடுகிறாள் கசுகோ. நள்ளிரவிலே தீ. கிராமத்து மக்கள் ஓடிவந்து அணைக்கிறார்கள். மறுநாள் காசைக் காகிதத்திலே மடித்து எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறாள். எல்லோரும் இன்சொல் பேசி அனுப்புகின்றனர். பக்கத்து வீட்டு மருமகள் மட்டும், நீங்கள் வாழ்வது வாழ்க்கையா, குழந்தைகள் மணல்வீடு கட்டி விளையாடுவது போலல்லவா இருக்கிறது, இத்தனை நாள் தீப்பிடிக்காததுதான் அதிசயம் என்ற பொருள்படச் சீறுகிறாள். காற்று கொஞ்சம் பலமாக அடித்திருந்தால் ஊரே சாம்பலாகியிருக்கும் என்பது அவள் கணக்கு.

படித்தீர்களா இந்த இடத்தை? நம் இளைஞர் தாயின் சாவிலே அழுதார். இந்த மருமகளிடம் அவர் நிற்கவில்லை. திறனாய்வாளர் பலரும் நிற்பதில்லை. மாளிகையார் விளையாடினால் எரிவது யார் கூரை என்ற கேள்வியை, நாவலாசிரியர் வேண்டுமென்றோ வேண்டாமலோ, ஒரு குடியானவப் பெண்ணின் வாயிலே வைத்துவிட்டார். அந்தப் பட்டாடைகள் எந்த வயலின் விளைச்சலிலே நெய்யப்பட்டன என்பதை நாவல் விரித்துப் பேசுவதில்லை. அந்தக் கணக்கை நாம்தான் போடவேண்டும்.

போடுவோம். ஜப்பானிலே 1946 அக்டோபரில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஊரிலே இல்லாமல் குத்தகை வாங்கித் தின்ற நிலக்கிழாரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசு வாங்கியது. ஊரிலே இருந்தவருக்கும் குத்தகைக்கு விட ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்தான் மிஞ்சிற்று. கொடுத்த விலை கடன் பத்திரம். விலைவாசி ஏற்றத்திலே அதன் மதிப்புக் கற்பூரம்போல் கரைந்தது. வாங்கிய நிலத்தை உழுத குத்தகைக்காரனுக்கே விற்றார்கள். போருக்கு முன் சாகுபடி நிலத்திலே பாதிக்குச் சற்றே குறைவாக இருந்த குத்தகை நிலம், 1950 வாக்கிலே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. மெக்கார்தர் துரைக்கு ஏழையிடம் திடீரெனப் பிறந்த பரிவு என்று எண்ணிவிடாதீர்கள். உழவன் பொதுவுடைமைப் பக்கம் சாய்ந்துவிடுவானோ என்ற அச்சமும் அதிலே இருந்தது. அச்சத்தால் வந்தாலும் நிலம் நிலம்தான்!

அங்கேயும் சொர்க்கம் மலர்ந்துவிடவில்லை. தோல்தொழில் செய்தோரை, பிணம் அகற்றியோரைப் பிறப்பால் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கிய கொடுமை அந்நாட்டிலும் உண்டு. 1871இலேயே சட்டம் அதை ஒழித்தது. ஆனாலும் 1922இலே அம்மக்கள் தமக்கெனச் சங்கம் கண்டு போராட நேர்ந்தது. பகைமையின் எச்சம் இன்றும் தீரவில்லை. சாயும் ஞாயிற்றின் செவ்வொளி அவர்கள் குடியிருப்பின்மீது விழவே இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1802இலே வெள்ளையன் நிரந்தரப் பட்டயம் எழுதிக் கொடுத்து ஜமீன்தார்களை நிலைநிறுத்தினான். 1948இலே சென்னை மாகாண எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் ஒழிந்தது. ஆனால் எப்படி ஒழிந்தது? நட்ட ஈடு பெற்றுக்கொண்டு ஒழிந்தது! சொந்தப் பண்ணை என்று சொல்லிக்கொண்ட நிலத்துக்குப் பட்டாவும் பெற்றுக்கொண்டு ஒழிந்தது! ஜமீனிடம் வரி கட்டிவந்த ரயத்துக்குப் பட்டா கிடைத்தது. மெய்தான், அது பெரிய மாறுதலே. அந்த ரயத்தின் வயலிலே சேற்றில் நின்ற பண்ணையாளுக்கு? படியாளுக்கு? அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏறாத பெயருக்கு எந்தச் சட்டமும் பட்டா தராது. 1961இலே நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்றார்கள். 1970இலே 15 ஆக்கினார்கள். தோப்பு என்றும் கரும்பு என்றும் அறக்கட்டளை என்றும் விலக்குகளின் சந்துகள் வழியே எத்தனை ஏக்கர் நழுவிற்று என்பதை ஊர்ப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். பண்ணைக் குடிசைக்காரன் குடியிருந்த மனைக்கு அவனே சொந்தக்காரன் என்று சட்டம் சொல்ல 1971 வரை காத்திருக்கவேண்டியிருந்தது!

காக்களூரும் திருவள்ளூர் வட்டமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997இலேதான் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. இந்தச் செங்கல்பட்டுச் சீமையிலே ஆண்டவர் மிராசுதார். 1891இலே ஆட்சித் தலைவராக இருந்த டிரமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்கே பறையர் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசையடி மண்ணும் அவர்களுக்குச் சொந்தமில்லை. தரிசைக் கேட்டாலும் மிராசுதார் தமக்கே முன்னுரிமை என்று குறுக்கே நிற்கிறார் என்றெல்லாம் அதிலே விளக்கினார். அதன் விளைவாகத்தான் 1892இலே பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்வர். பத்தாண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்றால் செல்லாது. இரும்புப் பூட்டுப் போன்ற நிபந்தனை!

பூட்டு அப்படியே இருக்கிறது. பெட்டியைத்தான் காணோம்! ஐம்பது ரூபாய்க் கைமாற்றுக்கு, ஒரு மூட்டை நெல்லுக்கு, கல்யாணக் கடனுக்கு, வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்கு அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதை மீட்கப்போன மக்களுக்கு என்ன கிடைத்தது? செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணை ஊர்ப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்திலே, 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாயினர்.

அதே 1994இலே திரையரங்குகளிலே ஓடிய வெற்றிப்படம் எது தெரியுமா? 'நாட்டாமை'! அதற்கு இரண்டாண்டு முன்னே 'சின்னக் கவுண்டர்', இடையிலே 'எஜமான்'. தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். வெண்ணிற வேட்டி, தோளிலே துண்டு, தீர்ப்புச் சொல்லும் திண்ணை, கைகட்டி நிற்கும் ஊர். உண்மையிலே மிராசும் ஜமீனும் சட்டப்படி மறைந்து நாற்பதாண்டு கழித்து, திரையிலே அவை பொன்முலாம் பூசிக்கொண்டு திரும்பி வந்தன. ஜப்பானியன் தன் பிரபுவைச் சாகவிட்டு அழுதான். நாமோ சாகவிடவும் மனமின்றி, செத்ததை எழுப்பி உட்காரவைத்து மாலை போட்டோம்! அந்த வெண்திரைக்கு முன்னே தரை டிக்கெட்டிலே அமர்ந்து கைதட்டியவரில் படியாளின் பிள்ளைகளும் இருந்தார்களே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

இந்த மயக்கம் திரையோடு நிற்பதல்ல. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியிலே 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்ட குற்றம்! கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. பெருநிலமும் காரும் உடைய கனவான்கள் தாமே நேரில் நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பிலே எழுதப்பட்டது. கார் வைத்திருப்பவன் நடக்கமாட்டானாம்! பிரபுவின் நடையழகிலே மயங்குவது நாவல் வாசகர் மட்டுமல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"உங்கள் இயக்கத்தின் தொட்டிலை ஆட்டியவர்கள் ராஜாக்கள் அல்லவா?" என்று ஒருவர் குறுக்கிடக்கூடும். கேட்கட்டும், நியாயமான கேள்வி. நீதிக்கட்சியின் தலைமையிலே பனகல் அரசர் இருந்தார், பொப்பிலி அரசர் இருந்தார். வகுப்புரிமைக்கும் கல்விக்கும் அவர்கள் ஆட்சிகள் செய்தவற்றை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆயினும் அந்தப் பட்டாடைக் கட்சியை ஏழை தன் கட்சியென்று எண்ணவில்லை. 1937 தேர்தலிலே பொப்பிலி அரசரே தம் சொந்தச் சீமையிலே வி. வி. கிரியிடம் தோற்றார். பாடம் கற்றோம். 1944 ஆகஸ்டில் சேலத்திலே கூடிய மாநாட்டிலே, சர் என்றும் ராவ்பகதூர் என்றும் வெள்ளையன் கொடுத்த பட்டங்களை உறுப்பினர் துறக்கவேண்டும் என்று அண்ணாவின் பெயரால் அமைந்த தீர்மானம் நிறைவேறிற்று. பட்டம் துறக்க மனமில்லாதவர் விலகினர். கட்சி திராவிடர் கழகமாயிற்று. ஜப்பானியனுக்கு அரசியல் சட்டம் வந்து பட்டத்தைப் பிடுங்குவதற்கு மூன்றாண்டு முன்னே, இங்கே மாநாட்டுப் பந்தலிலே தாமே கழற்றிவைக்கச் சொன்னார்கள். அதற்கும் முன்னே, 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் வாலாகத் தொங்கும் சாதிப்பட்டத்தை விடச்சொன்னது.

கசுகோவைப்பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அவளிடம்தான் எனக்கு மதிப்பு. தாயும் தம்பியும் பழமையோடு மாய்கிறார்கள். அவள் மாயவில்லை. போர்க்காலத்தில் கட்டாய உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டபோது கிடைத்த ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு மலைவீட்டு மண்ணைக் கொத்துகிறாள். ரோசா லக்சம்பர்க்கின் பொருளாதார நூலைப் படிக்கிறாள். மணமான ஓர் எழுத்தாளனின் குழந்தையை வயிற்றிலே சுமந்து, ஊர்ப்பழிக்கு அஞ்சாமல் தனியே வளர்ப்பேன் என்று நிற்கிறாள். துணையைத் தேடவும் பிரியவும் பெண்ணுக்கு உரிமை, சொத்திலே சம பங்கு என்று செங்கல்பட்டு மாநாடு பேசியதை இங்கே நினைத்துப்பாருங்கள். ஜப்பானிலே மூத்த மகனுக்கே குடும்பம் என்ற பழைய சட்டம் 1948 தொடக்கத்திலே மறைந்தது. தமிழ்நாட்டு மகளுக்குப் பரம்பரைச் சொத்திலே சம பங்கு தரும் சட்டம் 1989இலே வந்தது. தீர்மானம் போட்ட ஊரிலிருந்து சட்டம் வர அறுபதாண்டு!

ஆனால் அந்த வீரக் கசுகோ யார்? ஓதா ஷிசுகோ என்ற பெண்ணின் நாட்குறிப்பை வாங்கித்தான் தசாய் நாவலைப் புனைந்தார். அவர்கள் உறவிலே 1947 நவம்பரில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. 1948 ஜூனிலே தசாய் வேறொரு பெண்ணோடு கால்வாயில் மூழ்கி மாண்டார். புரட்சியை எழுதிப் புகழ்பெற்றவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளையை வளர்த்தவள் நாட்குறிப்புக்காரி. படியாள் விளைத்தது மிராசுதார் களஞ்சியத்திலே சேர்ந்தாற்போல், அவள் வாழ்ந்தது அவர் பெயரிலே அச்சாயிற்று.

காக்களூருக்கே திரும்புகிறேன். மிராசு ஒழிந்த மண்ணிலே தொழிற்பேட்டை எழுந்தது நல்லதே. நாற்று நட்ட கை இயந்திரம் பிடித்தது முன்னேற்றமே. ஆனால், ஒப்பந்தக்காரர் பெயரிலே வேலைக்கு வந்து, பத்தாண்டு உழைத்தும் தொழிற்சாலைப் பதிவேட்டிலே பெயர் ஏறாதவர்களை நான் அறிவேன். பக்கத்து அறையிலே ஐவராய் அறுவராய்ப் படுத்திருக்கும் பீகார் இளைஞர்களையும் அறிவேன். அவர்கள் ஊர் ஜமீனும் ஒழிந்ததுதான். தர்பங்கா மகாராஜா நீதிமன்றம் ஏறியதால் 1951இலே அரசியல் சட்டத்தையே முதன்முறை திருத்தி ஒழித்த ஜமீன்! அவ்வளவு ஆரவாரத்தோடு ஒழிந்த பிறகும், கால் ஏக்கர் இல்லாதவன் பேரன் ஆயிரத்தைந்நூறு கல் கடந்துவந்து இங்கே மூட்டை சுமக்கிறான்.

சென்ற வாரம் அந்த இளைஞர் வீட்டுக்கு வந்திருந்தார். பாட்டியைக் கேட்டாராம். அழுதாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஏரிக்கரைக்குக் கிழக்கே தம் தகப்பனுக்கு 'டி.சி. நிலம்' என்று ஒன்று இருந்ததாகவும், பஞ்ச காலத்திலே ஒரு கைநாட்டோடு அது போயிற்று என்றும், எல்லைக்கு ஒரு நொச்சிவேலி இருந்தது என்றும் பாட்டி சொன்னாராம். இப்போது அங்கே மனைப் பிரிவுக்கான கற்கள் நட்டிருக்கின்றன. புல எண் தெரியாது. வட்டாட்சியர் அலுவலகத்திலே பழைய அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைப் பார்த்தால் நிபந்தனைப் பட்டாவா என்று தெரியும் என்றேன். திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறார்; பாட்டியையும் அழைத்துக்கொண்டு. நாவலை என்னிடம் விட்டுச் சென்றிருக்கிறார். வேண்டும் தோழர்கள் வாங்கிப் படிக்கலாம். பக்கத்து வீட்டு மருமகள் பேசும் பக்கத்திலே ஒரு தாள் செருகி வைத்திருக்கிறேன்.